சம்மர் டயரா, ஆல் சீசன் டயரா: ஓட்டிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து

ஜெர்மனிக்கு வந்த முதல் ஆண்டில் நான் வாங்கிய பழைய காரில் நான்கு சம்மர் டயர்கள் இருந்தன. டயரில் வெட்டப்பட்ட பள்ளங்கள் ஆழமாக இருந்ததால் நல்ல டயர்கள் என்றே நம்பினேன். அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை விண்டர் டயர் என்று இங்கே எல்லோரும் வாய்ப்பாடாகச் சொன்னாலும், சட்டத்தில் அப்படித் தேதி எதுவும் இல்லை. சாலையில் பனியோ உறைபனியோ படிந்திருக்கும்போது உரிய டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதுதான் விதி. பனி விழட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஸ்டுட்கார்ட் நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பது போன்றது. நான் குடியிருக்கும் டெகர்லோக் அந்தக் கிண்ணத்தின் விளிம்பில், மேட்டில் இருக்கிறது. நவம்பர் நடுவில் ஒரு காலை நொயே வைன்ஷ்டைகே சாலையில் நகருக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பனி ஒரு துகள்கூட இல்லை. காரின் வெப்பமானி 3 டிகிரி காட்டியது. இரவு மழையில் நனைந்த இலைகள் சாலையோடு ஒட்டிக் கிடந்தன. முன்னால் சென்ற கார் நின்றதும் பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தடதடத்தது, கார் நிற்கவில்லை. நின்றபோது இரண்டு கார்களுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிதான் மிச்சம்.

சம்மர் டயரின் ரப்பர் கோடைச் சூட்டில் குழைந்துவிடாமல் இருப்பதற்காகவே சற்றுக் கெட்டியாகச் செய்யப்படுகிறது. குளிரில் அது மேலும் விறைத்து, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பிடிக்கும் தன்மையை இழக்கிறது. 7 டிகிரிக்குக் கீழே சம்மர் டயர் ஆகாது என்பார்கள். அது நினைவில் வைத்துக்கொள்ள வசதியான எண்ணே தவிர, அங்கே கோடு எதுவும் கிழிக்கப்பட்டிருக்கவில்லை, பிடிமானம் படிப்படியாகத்தான் குறைகிறது. என் விஷயத்தில் வேறொரு குற்றவாளியும் உண்டு. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும் என்று பட்டறையில் காட்டினார்கள். என் டயர்களுக்கு வயது ஒன்பது.

அன்றே, ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டக்கூடிய ஆல் சீசன் டயர்கள் நான்கு போட்டேன். ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டருக்கு மேல் நான் ஓட்டுவதில்லை; அடுக்குமாடியில் இன்னொரு தொகுதிச் சக்கரங்களை வைக்க இடமும் இல்லை. மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் 40 யூரோ, பட்டறையிலேயே வைத்துக்கொள்ளப் பருவத்துக்கு 50 யூரோ என்று கணக்குப் போட்டால், இரண்டு தொகுதி வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 180 யூரோ டயர் தேயாமலே செலவாகிறது. வாங்கும்போது நான் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான்: மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம். 2024 அக்டோபர் முதல், பனிச்சாலைக்கு உரிய டயர் என்று இங்கே ஏற்கப்படுவதற்கு அந்தச் சின்னம் வேண்டும்; சேற்றுக்கும் பனிக்கும் என்று பொருள்படும் எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. மீறினால் 60 யூரோ அபராதமும் ஓட்டுநர் பதிவில் ஒரு குற்றப்புள்ளியும் வந்து சேரும்.

குளிர்காலங்கள் நிம்மதியாகக் கழிந்தன. ஜூலையில்தான் அதன் விலை தெரிந்தது. வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில் ஆட்டோபான் என்னும் விரைவு நெடுஞ்சாலையில் திடீரென்று நெரிசல் ஏற்பட, எல்லோரும் அழுத்திப் பிரேக் போட்டோம். ஆல் சீசன் டயரின் ரப்பர்க் கட்டைகளில் பனியைக் கவ்வுவதற்காக மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும்; சூடான உலர்ந்த சாலையில் அதே வெட்டுகளால் கட்டைகள் நெளிந்து கொடுக்கின்றன. கார் நின்றது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. இரண்டு தொகுதி வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரு முறை சக்கரத்தைக் கழற்றுகிறார். அப்போது தேய்மானம், குத்திய ஆணி, வெடிப்பு எல்லாம் யார் கண்ணிலாவது படுகின்றன. முன் சக்கரங்கள் பின்னுக்கும் போகின்றன. எனக்கு அந்தக் கட்டாயம் நின்றதும் டயரைப் பார்க்கும் பழக்கமும் நின்றுபோனது. மூன்று ஆண்டுகளில் ஒரு முறைகூட முன்னதைப் பின்னுக்கு மாற்றவில்லை. இப்போது புது டயர் வாங்க வேண்டிய நேரம் நெருங்குகிறது. மறுபடியும் ஆல் சீசனா, அல்லது கோடைக்கும் குளிருக்கும் தனித்தனியா? ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

லண்டன் ஹாரோவிலிருந்து

நான் மருத்துவமனைச் செவிலியர். காலைப் பணிக்கு விடியுமுன் புறப்படுவேன். இங்கே கார்கள் சம்மர் டயரோடுதான் விற்கப்படுகின்றன. குளிர்காலத்துக்கென்று டயர் போடச் சொல்லும் சட்டமும் கிடையாது. பெரிய சாலைகளில் மாநகராட்சி வண்டிகள் உப்பு தூவிவிடும். என் வீடு இருக்கும் சரிவான சந்துக்குள் அவை வருவதில்லை. 2018 பிப்ரவரி இறுதியில் கிழக்கிலிருந்து கடுங்குளிர் வீசிய அந்த வாரத்தில் காரைச் சந்தின் அடியிலேயே விட்டுவிட்டு நடந்தேன்.

அதன் பிறகு நான் செய்த தவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பணத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து, முன் சக்கரங்களுக்கு மட்டும் ஆல் சீசன் டயர் போட்டு, பின்னால் பழைய சம்மர் டயர்களையே விட்டுவிட்டேன். முன் சக்கரம்தானே இழுக்கிறது, அதற்குப் பிடிமானம் இருந்தால் போதும் என்பது என் கணக்கு. குளிர்ந்த மழைநாள் ஒன்றில் ரவுண்டானாவில் முன்பக்கம் நான் திருப்பிய பக்கம் ஒழுங்காகத் திரும்பியது. பின்பக்கம் அதைப் பின்தொடராமல் வெளியே வீசியது. கார் குறுக்காக நின்றது. பின்னால் வண்டி எதுவும் வராதது என் நல்லகாலம். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்புண்டு; பின்பக்கம் வழுக்கினால் என்னைப் போன்ற சாதாரண ஓட்டுநருக்கு யோசிக்க நேரமே கிடைப்பதில்லை. எந்த வகையானாலும் நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

லண்டன் வெயிலுக்கு ஆல் சீசன் டயர் எனக்குக் குறை வைக்கவில்லை. பகலில் மட்டும் ஓட்டுபவராக இருந்தால் நல்ல சம்மர் டயரே போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஸ்காபுறோவிலிருந்து

ஸ்டுட்கார்ட் அன்பர் எம்+எஸ் எழுத்தைப் பற்றிச் சொன்னது கனடாவில் இருப்பவர்களுக்கு மிகவும் பொருந்தும். இங்கே ஓல் சீசன் என்று விற்கப்படும் ரயர்களில் பலவற்றுக்கு அந்த மலைச் சின்னம் இல்லை. அவற்றை மூன்று பருவ ரயர் என்றுதான் கராஜ்காரர்கள் கேலியாகச் சொல்வார்கள். சின்னம் உள்ளதற்கு ஓல் வெதர் என்று வேறு பெயர் உண்டு. பெயரை மட்டும் பார்த்து ஏமாந்து, முதல் இரண்டு பனிக்காலத்தை எம்+எஸ் ரயரோடு கழித்தவன் நான். 401 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் கார் பாதுகாப்புத் தடுப்பில் உரசிய பிறகுதான் விண்டர் ரயர் வாங்கினேன். ஒன்ராறியோவில் 2016 முதல் விண்டர் ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது, கேட்டுப் பெறுங்கள். மொன்றியலில் இருக்கும் என் மைத்துனருக்கு இந்தக் குழப்பமே இல்லை. கியூபெக்கில் பதிவான காருக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம்.

சம்மர் ரயரை இங்கே அன்றாடம் ஓட்டுபவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எங்கள் தெருவில் ஒரு தம்பி வேகக் கார் ஒன்றை அந்த ரயர்களோடு வாங்கி, நவம்பர் வந்ததும் அதை வீட்டுக் கராஜுக்குள் பூட்டிவிட்டுப் பேருந்தில் வேலைக்குப் போகிறான்.

மீண்டும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து

இருவருக்கும் நன்றி. நான் வேலைக்குப் புறப்படுவது காலை ஆறரைக்கு; கோடையில் ஆட்டோபானில் ஓட்டுவது ஆண்டுக்கு நான்கைந்து நாட்கள். அந்த நாட்களில் முன்காருக்கு இடைவெளியைக் கூட்டிக்கொள்வது என் கையில் இருக்கிறது. நவம்பர் காலையின் வெப்பநிலை என் கையில் இல்லை. எனவே மறுபடியும் ஆல் சீசன்தான் வாங்கப்போகிறேன். மாமனார் வீட்டார் வரும்போது ஆஸ்திரியாவுக்குப் போவதுண்டு என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது: சட்டப்படி பொதுவாக 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்றாலும், பனிச்சாலையில் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை அங்கே குளிர்கால டயராகவே மதிப்பதில்லை.

2 யூரோ நாணயத்தின் வெள்ளி நிற விளிம்பு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம். இன்று காலை அதைப் பள்ளத்தில் செருகிப் பார்த்தேன். பின் டயர்களில் விளிம்பு முழுவதும் மறைந்தது; முன் டயர் இரண்டிலும் வெள்ளி நன்றாக வெளியே தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பட்டறையில் நேரம் வாங்கியிருக்கிறேன்.