மறு: ஒட்டுத்தகடா, பதிதகடா? (மட்காட்டில் வேண்டாத துளை)

வணக்கம். ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ லாரியின் புதுப்பிப்புக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால இரண்டரை டன் வண்டி இது. போருக்குப் பிறகும் பிரெஞ்சு ராணுவம் வெகுகாலம் ஓட்டியது. விளக்கோ கண்ணாடியோ பொருத்தப் பிற்காலத்தில் போட்ட துளைகளை மட்காட்டில் காணலாம். அவற்றை அடைக்கும் தகட்டை ‘ஒட்டுத்தகடு’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

———

ஐயா, ‘ஒட்டு’ வேண்டாம். துணிக்கு ஒட்டு, டியூபுக்குப் பஞ்சர் ஒட்டு என எல்லாம் மேலே படிவதுதான். மட்காட்டில் அப்படிப் படியவைத்து வெல்டிங் செய்தால் இரு தகட்டுக்கும் நடுவே நீர் தங்கி, பெயின்டுக்கு அடியிலிருந்தே துரு கிளம்பும். வெறும் பட்டி வைத்து அடைத்தாலோ வண்டியின் அதிர்வில் கழன்று விழும்.

முறையான வேலையில் தகடு துளைக்குள்ளேயே அமர்கிறது. துளையைச் சுற்றி 25 மி.மீ. அகலத்துக்கு இருபுறமும் பெயின்டை நீக்குங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதீர்கள். பிதுங்கிய விளிம்பைச் சுத்தியல், டாலி (பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக்கட்டை) கொண்டு தட்டிச் சமமாக்குங்கள். துருப்பிடித்து மெலிந்த விளிம்பு வெல்டிங்கில் எரிந்து துளை பெரிதாகும். ஆகவே நல்ல இரும்பு வரும்வரை வெட்டிவிடுங்கள். துளை 22 மி.மீ. என்றால், மட்காட்டின் அதே கனத்தில் 21 மி.மீ. வட்ட வில்லை. பின்னால் செம்புத்தகட்டை இறுக்கிப் பிடியுங்கள்: வெல்டிங் அதில் ஒட்டாது, சூட்டையும் அது வாங்கிக்கொள்ளும். மிக் வெல்டிங் (கம்பியைத் தானே ஊட்டும் மின்வெல்டிங்), 0.6 மி.மீ. கம்பி. கடிகாரத்தின் 12, 6, 3, 9 இடங்களில் முதல் புள்ளிகள். பிறகு எதிரெதிராக, ஒவ்வொன்றும் ஆறியபின் அடுத்தது. ஒரே இழுப்பில் சுற்றி வந்தால் தகடு நெளிந்துவிடும். கிரைண்டிங்கிலும் சூடேறும், விட்டுவிட்டுத் தேய்க்கவும். கடைசியில் இருபுறமும் எபாக்சி பிரைமர்.

கிணறு தூர்ப்பதுபோல் இது துளையைத் தூர்க்கிறது. ‘தூர்தகடு’ என்கலாமே?

———

அண்ணா, விளக்கம் அருமை, சொல்தான் இடிக்கிறது. ‘தூர் வாருதல்’ என்றே பழகிய காதுக்குத் தூர் என்றால் வண்டல். கல்லை மோதிரத்தில் பதிப்பதுபோல் வில்லையைத் துளையில் பதிக்கிறோம், ‘பதிதகடு’ என்போம். வினைத்தொகை, ‘ஊறுகாய்’ போல ஒற்று மிகாது.

‘ஒட்டுத்தகடு’ மேலே படிவதற்கே இருக்கட்டும். ராணுவப் பணியில் போட்ட துளையை வரலாறு கருதி அழிக்காமல் போல்ட்டும் ரப்பரும் வைத்து மறைத்தால் ‘மூடுதகடு’; கழற்றினால் துளை அப்படியே இருக்கும். வடிகால் துளைகளை மட்டும் எந்தத் தகட்டாலும் அடைக்க வேண்டாம் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள், ஐயா.

———

பதிதகடு, மூடுதகடு இரண்டையும் ஏற்கிறேன். 6 மி.மீ.க்கு உட்பட்ட துளைக்கு என்ன சொல்வது?

———

அதற்குத் தகடே தேவையில்லை. செம்பைப் பின்னால் பிடித்து, விளிம்பிலிருந்து நடுவுக்குச் சிறுசிறு புள்ளிகளாக வெல்டிங்கால் நிரப்பினால் போதும். அண்ணா சொன்ன ‘தூர்த்தல்’ அங்கே வினையாகச் சரியாக உட்காரும்.