குண்டுமல்லி தழையா தழையுது, பூ மட்டும் வரல. வீட்ல செய்யற உரம் எது குடுக்கலாம்?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்துல மாடித்தோட்டம் வச்சிருக்கேன், ஒரு குண்டுமல்லி, ரெண்டு ரோஜா, ஒரு செம்பருத்தி. குண்டுமல்லி வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, 12 இஞ்ச் பையில இருக்கு. பங்குனி பொறந்து எதிர்வீட்டு மாடியில தினமும் ஒரு கிண்ணம் பூ பறிக்கிறாங்க, நம்ம செடியில இலைதான் கரும்பச்சையா உள்ளங்கை அகலத்துக்கு வருது, கொடி மாதிரி நீளநீளமா ஓடி கைப்பிடி கம்பியைச் சுத்திக்குது, மொட்டுன்னு பாத்தா போன மாசம் ஒண்ணே ஒண்ணு, அதை பிள்ளையார் படத்துக்கு வச்சேன். எங்க அத்தை பூ கட்டறதுக்குன்னே வாழைநார் கிழிச்சு காயவச்சு எடுத்து வச்சிருக்காங்க, தினமும் சாயங்காலம் மாடியேறி பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம இறங்கிப் போறாங்க, எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு.

கடலைப்புண்ணாக்கு கரைசல் வாராவாரம் விடறேன், மாசம் ரெண்டு தடவை ஜீவாமிர்தமும் (சாணம், கோமியம், வெல்லம், பயறுமாவு கலந்து ஊறவச்ச கரைசல்) விடறேன். கடையில ரசாயன உரம் வாங்கிப் போட விருப்பம் இல்ல. வேற என்ன செஞ்சு குடுத்தா பூக்கும்?

நிலக்கோட்டை செம்மண்:

சகோதரி, உங்க செடிக்கு பசி இல்ல, சாப்பாடு ஜாஸ்தி ஆயிருச்சு. கடலைப்புண்ணாக்குல தழைச்சத்துதான் (நைட்ரஜன்) ரொம்ப அதிகம், 7 சதவீதத்துக்கு மேல இருக்கும், பூவுக்கு வேண்டிய சாம்பல்சத்து (பொட்டாஷ்) ஒண்ணு ஒண்ணரைதான். பேர்லயே இருக்கு பாருங்க, தழைச்சத்து, அது தழையத்தான் வைக்கும். நீங்க வாராவாரம் ஊத்துறீங்க, செடி இலையா போட்டுட்டு நிம்மதியா இருக்கு. முதல்ல புண்ணாக்கை ஒரு மாசம் நிப்பாட்டுங்க, அப்புறம் மாசம் ஒரு தடவை போதும்.

இன்னொண்ணு கேக்கணும். கார்த்திகையில கவாத்து பண்ணீங்களா, அதாவது கிளைய வெட்டி விட்டீங்களா? எங்க ஊர்ப்பக்கம் தோட்டத்துல நவம்பர் கடைசியில தண்ணிய நிப்பாட்டி செடிய வாட விட்டு, தரையில இருந்து ஒண்ணரை அடி விட்டுட்டு மேல இருக்குறதை மொத்தமா வெட்டிருவோம், பாக்கவே பாவமா இருக்கும், வெறும் குச்சியா நிக்கும். அப்புறம் தொழு உரம் போட்டு தண்ணி கட்டுனா புதுசா பக்கக்கிளை வெடிச்சு வரும், மாசி பங்குனியில அந்தப் புதுக்கிளை நுனியிலதான் மொட்டு. குண்டுமல்லி பழைய கிளையில பூக்குறது இல்லைங்க. ஜாதிமல்லின்னா டிசம்பர் கடைசி, முல்லைன்னா ஜனவரி கடைசின்னு வெட்டுவோம், குண்டுமல்லிக்கு நவம்பர்.

இப்ப பெரிய கவாத்து வேண்டாம், வெயில் ஏறிருச்சு. நீளமா ஓடுற கொடியை எல்லாம் நுனியில இருந்து ஒரு சாண் வெட்டி விட்டு, மீதிக் கிளையில முத்துன இலைய பாதிக்கு மேல உருவி விடுங்க. செடி எந்த இடத்துல இருக்கு, வெயில் எவ்வளவு நேரம்? அதைச் சொல்லுங்க முதல்ல.

காவிரிக்கரை:

அண்ணா கவாத்து பண்ணவே இல்ல, இவ்வளவு செழிப்பா இருக்கே வெட்டினா பாவம்னு விட்டுட்டேன். செடி வாட்டர் டேங்க் பக்கத்துல இருக்கு, காலையில பத்து மணி வரைக்கும் வெயில், அப்புறம் டேங்க் நிழல் விழுந்துடும்.

நிலக்கோட்டை செம்மண்:

அப்ப பாதிக்காரணம் டேங்க் நிழல்தான். மல்லிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும், நாள்பூரா இருந்தா இன்னும் நல்லது. நிழல்ல வச்சுட்டு எந்த உரம் குடுத்தாலும் அது வெளிச்சத்தைத் தேடி நீளமாத்தான் போகும், உங்க செடி கம்பியைப் புடிச்சுட்டு ஓடுறது அதுக்குத்தான். பையை நகத்துங்க.

துளசிமாடம்:

அவர் சொன்னதுதான் முதல்ல செய்யணும். உரம் பத்தி நான் சொல்றேன், சென்னையில பத்து வருஷமா மாடியில பூச்செடிதான் வளக்கறேன், நிறைய தப்பு பண்ணி கத்துக்கிட்டது.

மொட்டு வைக்க நான் நம்பறது தேமோர் கரைசல்தான். ஒரு மூடி இல்ல, ஒரு முழு தேங்காயைத் துருவி கெட்டியா பால் எடுத்து, அதே அளவு நல்லா புளிச்ச மோரோட கலந்து, மண்பானையிலயோ பிளாஸ்டிக் டப்பாவிலயோ துணி கட்டி நிழல்ல ஏழு நாள் வைங்க, தினமும் ஒரு தடவை குச்சியால கலக்கணும். புளிச்ச வாசனை தூக்கலா வரும், அதுதான் பக்குவம். இரும்பு செம்பு பாத்திரம் வேண்டவே வேண்டாம். வடிகட்டி ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 மில்லி கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையோட மேல அடி ரெண்டு பக்கமும் படற மாதிரி தெளிங்க, பத்து நாளைக்கு ஒருதரம். கவாத்து பண்ணி புதுத்துளிர் ரெண்டு மூணு இலை விட்ட சமயத்துல ஆரம்பிச்சா மொட்டு கொத்தா வரும். வடிகட்டறது ரொம்ப முக்கியம், நான் ஒருதடவை அவசரத்துல அப்படியே ஊத்தி ஸ்பிரேயர் நாசில்ல தேங்காய்ப்பிசிறு அடைச்சு புதுசு வாங்க வேண்டியதாச்சு.

தேங்காய் விலை கட்டுப்படியாகலன்னா பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்து புளிக்க வச்ச கரைசல்) வாங்கி லிட்டருக்கு 30 மில்லி தெளிக்கலாம், கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கினதுதான், இப்ப நிறைய இயற்கை அங்காடியில கிடைக்குது.

அப்புறம் வாழைப்பழத்தோல். எல்லாரும் தோலை அப்படியே தொட்டியில புதைக்கச் சொல்றாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, எறும்பும் கொசு மாதிரி பழ ஈயும் வரும், எங்க மாடியில எலியே வந்து மண்ணைத் தோண்டிப் போட்டுச்சு. தோலை சின்னதா நறுக்கி முறுகலா காயவச்சு மிக்ஸியில பொடிச்சு, மாசம் ஒரு கைப்பிடி வேரைவிட்டு தள்ளி மண்ணைக் கிளறிப் போடுங்க, சாம்பல்சத்து மெதுவா சேரும். விறகுச்சாம்பலும் அதே வேலையைச் செய்யும், ஆனா எங்க மாதிரி போர் தண்ணி உப்பா இருக்கற வீட்ல சாம்பல் போட்டா மண்ணு இன்னும் காரமாகி இலை மஞ்சளடிக்கும், உங்களுக்கு காவிரித்தண்ணிதானே, ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் ஒரு ஸ்பூன் போடலாம். முட்டை ஓடு சுண்ணாம்புச்சத்துக்குத்தான், அதுல பூ வரும்னு எதிர்பார்க்காதீங்க.

மீன்குழம்பு ரசிகை:

மீன் சாப்பிடற வீடா இருந்தா மீன் கழுவற முதல் தண்ணிய ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் ஊத்துங்க, எங்க ஆச்சி அதைத்தான் செய்வாங்க, உப்பு மஞ்சள் போட்டு அலசறதுக்கு முன்னாடி எடுத்துடணும். ரோஜாவுல பூத்து முடிஞ்ச கிளையை அப்படியே விடாம, வெளிப்பக்கம் பாத்த கணுவுக்கு மேல சாய்வா வெட்டிடுங்க, அடுத்த பூ அந்தக் கணுவுலதான் வெடிக்கும். டீத்தூள் போடறதுன்னா பாலும் சர்க்கரையும் போக ரெண்டு தண்ணி அலசி காயவச்சுப் போடுங்க.

காவிரிக்கரை:

ஆறு வாரம் கழிச்சு வரேன், எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பையை டேங்க்ல இருந்து தள்ளி தெற்குப்பக்கம் கொண்டு போனேன், வெட்டறப்போ கை நடுங்கிச்சு, அத்தைதான் கத்திரியை வாங்கி சரக்குசரக்குனு வெட்டினாங்க. ரெண்டு வாரத்துல ஒவ்வொரு வெட்டுக்கும் கீழ ரெண்டு ரெண்டு துளிர், தேமோர் ரெண்டு தடவை தெளிச்சேன். இப்ப மூணு மூணா கொத்து வச்சிருக்கு, நேத்து சாயங்காலம் எண்ணிப் பறிச்சது 34 மொட்டு! அத்தை வாசல்படியில உக்காந்து வாழைநாரை நனைச்சு கட்டினாங்க, ஒரு சாண் நீளத்துக்கு வந்துச்சு, ரங்கநாயகித் தாயாருக்கு முதல்பூன்னு கொண்டு போயிட்டாங்க.

ஒரு சந்தேகம். ஏழெட்டு மொட்டு மட்டும் விரியாம ஊதா நிறமா மாறி உதிருது, உள்ள சின்ன ஓட்டை இருக்கு. உரம் ஏதும் கூடிப்போச்சா?

நிலக்கோட்டை செம்மண்:

ரொம்ப சந்தோஷம் சகோதரி, அத்தைக்கும் சொல்லுங்க. ஊதா மொட்டு உரத்தால இல்ல, மொட்டுப்புழு. அந்த மொட்டைப் பிச்சு உடனே அழிச்சிருங்க, கீழ உதிர்ந்து கிடக்குறதையும் பொறுக்கணும், குப்பையோட மாடியில வைக்காதீங்க. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சு துணியில கட்டி ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி பூரா ஊறவச்சு, காலையில பிழிஞ்சு வடிகட்டி, துளி காதி சோப்பு கரைச்சு சாயங்காலம் தெளிங்க, வாரம் ஒருதரம் மூணு வாரம். அன்னைக்கு மொட்டைப் பறிச்சுட்டு அப்புறம் தெளிங்க, இல்லன்னா பூவுல வேப்பவாசனை அடிக்கும்.