மெகா டிரைவும் பிஎஸ்2-வும் புது 4கே டிவியில் சகிக்கலை. எந்த அப்ஸ்கேலர் வாங்கலாம்?

மூன்றாம்லெவல்:

வணக்கம் நண்பர்களே. ட்யூப் டிவி ஒருவழியா உயிரை விட்டுடுச்சு. அந்த இடத்துக்கு வந்திருக்கிறது 55 இன்ச் 4கே. பின்னாடி பார்த்தா வெறும் எச்டிஎம்ஐ ஓட்டைதான், மஞ்சள்-சிவப்பு-வெள்ளை மாட்ட ஒரு இடமும் இல்லை. என்கிட்ட இருக்கிற பழைய கேம் கன்சோல் ரெண்டு: முதல் மாடல் மெகா டிரைவ், அப்புறம் குண்டு பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2). பிஎஸ்1 டிஸ்க்கும் இதுலதான் ஓட்டுவேன்.

இப்போதைக்கு ஒரு சின்ன கன்வர்டர் டப்பா வாங்கி மாட்டியிருக்கேன். மஞ்சள் வயர் ஒருபக்கம், எச்டிஎம்ஐ மறுபக்கம். படம் வருது, ஆனா கண்கொண்டு பார்க்க முடியலை. கேம் நாயகன் சோனிக் அகலவாக்கில் ஊதிப்போயிருக்கான். சிவப்பு எழுத்தெல்லாம் ஓரத்துல கசியுது. ஒரு சண்டை கேம்ல ஆளுங்க காலடியில் இருக்க வேண்டிய நிழல் சில நேரம் வரிவரியா தெரியுது, சில நேரம் காணவே காணோம். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். பட்டனை அழுத்தினா சோனிக் யோசிச்சு யோசிச்சு குதிக்கிறான், அதுதான் தாங்கலை. கை பழகின குதி எல்லாம் பள்ளத்துல போய் முடியுது.

பழைய கன்சோல் படத்தைப் புது டிவிக்கு ஏத்தபடி பெருசாக்குற பெட்டிகள்ல (அப்ஸ்கேலர்) ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க்னு ரெண்டு பேரு அடிக்கடி காதுல விழுது. என்ன வித்தியாசம்? பிஎஸ்2-வுக்கும் மெகா டிரைவுக்கும் ஒரே பெட்டி போதுமா? கம்ப்யூட்டர்ல பழைய கேமை ஓட்டுற எமுலேட்டர் போட்டுக்கோன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க, அதை வீட்டுலயே நிறைய கேட்டாச்சு.

ஒற்றைப்படைக்கோடு:

பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி, இப்ப இருக்கிற டப்பா ஏன் சொதப்புதுன்னு தெரிஞ்சுக்கோங்க. நிழல், தாமதம் ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்.

அமெரிக்கா, ஜப்பான்ல ட்யூப் டிவிக்கு வந்த ஒளிபரப்பு 480ஐ, அதாவது 480 கோடு ரெண்டு தவணையா. ஒரு தடவை ஒற்றைப்படைக் கோடுகளை வரையும், அடுத்த தடவை இரட்டைப்படைக் கோடுகளை வரையும். இப்படி வினாடிக்கு 60 தடவை. மெகா டிரைவும் பிஎஸ்1-ம் டிவியை இதுல ஏமாத்தின பெட்டிகள். ஒவ்வொரு தடவையும் அதே வரிசைக் கோடுகளிலேயே திரும்பத் திரும்ப வரைய வெச்சுது. அதனால கிடைச்சது 240 கோடு உள்ள முழுப் படம், வினாடிக்கு 60. இதைத்தான் 240பி-ன்னு சொல்றோம். நடுவுல யாரும் தொடாம விட்ட கோடுகள்தான் ஸ்கேன்லைன்னு எல்லோரும் உருகுற அந்தக் கறுப்பு வரி.

உங்க டப்பாவுக்கு 240பி-ன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. வர்றதை எல்லாம் 480ஐ-ன்னு எடுத்துக்கும். அடுத்தடுத்து வர்ற ரெண்டு தனித்தனிப் படத்தை, ரெண்டு சீப்பை எதிரெதிரா வெச்சுப் பல்லோட பல் கோக்கிற மாதிரி கோத்து ஒரே படமாக்கிடும். நிறைய கேம்கள்ல நிழலை ஒரு ஃப்ரேம்ல (ஒரு முழுப் படத்துல) வரைஞ்சு அடுத்த ஃப்ரேம்ல விட்டுடுவாங்க. ட்யூப் டிவியில கண்ணுக்கு அது பாதி கண்ணாடி மாதிரி தெரியும். கோத்த படத்துல அதே நிழல் ஒரு கோடு விட்டு ஒரு கோடு வரும். ரெண்டுல ஒரு படத்தைத் தூக்கிப் போடுற டப்பாவா இருந்தா நிழல் மொத்தமா போயிடும். கோக்கணும்னா முந்தின படத்தைக் கையில் வெச்சுக் காத்திருக்கணும், தாமதம் அங்க ஆரம்பிக்குது. உங்க டிவி அது மேல தன் பங்கையும் சேர்க்கும்.

எழுத்துல சிவப்பு கசியறது வேற வழக்கு. மஞ்சள் வயர்ல, அதாவது காம்போசிட்ல, வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில கலந்து வருது. கலந்ததைச் சுத்தமா பிரிக்க முடியாது. எவ்வளவு உசத்தியான அப்ஸ்கேலர் வாங்கினாலும் அந்த வயரோட மாட்டினா கசிவையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். அதனால முதல் செலவு கேபிளுக்கு. இதுல நான் பிடிவாதக்காரன். மட்டமான கேபிளோட பெரிய பெட்டி வாங்கி வந்து புலம்புறவங்களை இங்கேயே நிறைய பார்த்தாச்சு.

முதல் மாடல் மெகா டிரைவ் பின்பக்க எட்டு முள் சாக்கெட்ல சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் தனித்தனியா, அதாவது ஆர்ஜிபி சிக்னலை அப்படியே கொடுக்குது. ஆர்ஜிபி ஸ்கார்ட் கேபிள் (ஐரோப்பிய 21 முள் பிளக்) வாங்குங்க. அந்த சாக்கெட்ல வர்ற சத்தம் மோனோ. ஸ்டீரியோ முன்பக்க ஹெட்போன் ஓட்டையிலதான் வரும். அங்கயும் மாட்ட ஒரு கிளை வயர் வெச்ச கேபிளா பார்த்து எடுங்க. இன்னொண்ணு: ஜப்பான் 21 முள் கேபிள் பார்க்க அச்சு அசல் ஸ்கார்ட் மாதிரியே இருக்கும், உள்ள கம்பி வரிசை வேற. மாத்தி மாட்டினா பெட்டி கெட்டுப்போகலாம். விற்கிறவர்கிட்ட கேட்டு உறுதி பண்ணாம மாட்டாதீங்க.

பிஎஸ்2-வுக்கு, படத்தை மூணு கம்பியில பிரிச்சு அனுப்புற காம்போனென்ட் கேபிள் போதும். பிஎஸ்1 டிஸ்க் போட்டா அதே கேபிள் வழியா 240பி வரும். பல டிவிகள் இதை வாங்கிக்காது, ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் ரெண்டும் வாங்கிக்கும்.

இப்ப உங்க கேள்வி. ஓஎஸ்எஸ்சி படத்தைச் சேமிச்சு வைக்கிறதே இல்லை. வர்ற கோட்டை ரெண்டா, மூணா, அஞ்சுவரைக்கும் பெருக்கி அப்படியே அனுப்பிடும். தாமதம் சில கோடுகள் அளவுதான், கைக்குத் தெரியவே தெரியாது. மெகா டிரைவுக்கு அருமை. ஆனா கன்சோல் எந்த வேகத்துல அனுப்புதோ அதே வேகத்துலதான் இதுவும் அனுப்பும், அது எல்லா டிவிக்கும் ஒத்து வராது. சூப்பர் நின்டென்டோ வினாடிக்கு 60.1 ஃப்ரேம் கிட்ட ஓடும். அதுல சில டிவி கறுத்துப்போயிடும். காம்போசிட், எஸ்-வீடியோ (வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில வர்றது) எதுவும் இதுல நேரடியா மாட்ட முடியாது.

பிஎஸ்2 கதை தலைகீழ். அதோட பெரும்பாலான கேம் நிஜமாவே 480ஐ. ஓஎஸ்எஸ்சி இதை பாப் முறையில, அரைப்படம் ஒவ்வொண்ணையும் தனித்தனியா நீட்டித்தான் காட்டும், அதனால மெல்லிய கோடுகள் நடுங்கும். எனக்கு அரைமணி நேரத்துல தலைவலி வந்துடும். மைக் சி வடிவமைச்ச ரெட்ரோடிங்க் 5எக்ஸ் இங்கதான் ஜெயிக்குது. எங்க அசைவு இருக்கு, எங்க இல்லைன்னு பார்த்து, அசையாத இடத்துல மட்டும் ரெண்டு அரைப்படத்தையும் சேர்க்கும். அதுல காம்போசிட்டும் எஸ்-வீடியோவும்கூட மாட்டலாம். ரெண்டு கன்சோலுக்கும் ஒரே பெட்டின்னா என் ஓட்டு அதுக்குத்தான்.

4கே பெட்டி வேணுமான்னு கேட்பீங்க. கணக்கு அழகா இருக்குங்கிறது உண்மை: 240-ஐ ஒன்பதால பெருக்கினா சரியா 2160, 4கே திரையோட கோட்டு எண்ணிக்கை. 1080 கோடு படத்துக்கு நாலரை மடங்கு, அரை மடங்கு எப்பவும் தொல்லை. அஞ்சு மடங்கு வெச்சா 216 கோடுதான் திரையில அடங்கும். மெகா டிரைவ் வரையுற 224-ல மேல நாலு, கீழ நாலு போகும். எனக்கு அந்த எட்டுக் கோடு போறது உறுத்தலை, அதனால 4கே பெட்டி கேட்க மாட்டேன்.

டிவியில கேம் மோட் (தாமதத்தைக் குறைக்கிற செட்டிங்) போட்டுட்டீங்களா? இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். அது இல்லாம 100 மில்லிவினாடியைத் தாண்டுற டிவி உண்டு, அதாவது ஆறு ஃப்ரேம். அதோட படத்தை 4:3-க்கு மாத்துங்க, சோனிக் இளைச்சிடுவான்.

சால்டர்புகை:

ஒற்றைப்படை அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டார். சால்டரிங் பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு வழி இருக்கு, அதைமட்டும் நான் சேர்க்கிறேன்.

ஜிபிஎஸ்-8200-ன்னு ஒரு போர்டு இருக்கு. பழைய வீடியோ கேம் மெஷின்ல பழுதான மானிட்டருக்குப் பதிலா எல்சிடி மாட்ட விற்கிறது. 240பி-யை 480ஐ-ன்னு தப்பா எடுத்துக்கிறதுல அதோட சொந்த மென்பொருள் உங்க டப்பாவுக்கு அண்ணன். ஆனா ஒரு இஎஸ்பி8266 சில்லுப் பலகையை அதுல ஒட்டி, ஜிபிஎஸ்-கன்ட்ரோல்ங்கிற திறந்த மென்பொருளை ஏத்தினா ஆளே மாறிடும். 240பி-யை 240பி-யா பார்க்கும், 480ஐ-யை அசைவு பார்த்து சேர்க்கும், ஃபோன் பிரவுசர்லயே எல்லா செட்டிங்கும் மாத்தலாம். வெளிய வர்றது விஜிஏ (பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் இணைப்பு), அதை எச்டிஎம்ஐ ஆக்க இன்னொரு கன்வர்டர் வேணும்.

எனக்கு ரெண்டு வருஷமா ஓடுது. கேபிள் குப்பை மாதிரி இருக்கும், வீட்டுல திட்டு விழும், நல்ல பவர் சப்ளை இல்லைன்னா படத்துல அலை ஓடும். மாட்டி விளையாடினா போதும்னு நினைக்கிறவங்க இந்தப் பக்கம் வராதீங்க.

சும்மாஆடு:

செகண்ட்ஹேண்ட்ல ஃப்ரேம்மைஸ்டர்ங்கிற பழைய அப்ஸ்கேலர் கண்ணுல பட்டா மயங்காதீங்க ப்ரோ. ஒருகாலத்துல ராஜாதான், ஆனா 240பி-யிலிருந்து 480ஐ-க்கு மாறும்போது சில வினாடி திரை இருட்டாயிடும். பிஎஸ்1-ல குரோனோ கிராஸ் ஆடிப் பாருங்க: ஆட்டம் 240பி, மெனு 480ஐ. மருந்து எடுக்க மெனு திறக்கிற ஒவ்வொரு தடவையும் கறுப்பு.

மூன்றாம்லெவல்:

அடேங்கப்பா. கேம் மோட் போடாமத்தான் இருந்தது! போட்டதும் குதி பாதி சரியாயிடுச்சு. நிழல் அப்படியே இருக்கு.

கேபிள் ரெண்டும் வந்தாச்சு. நண்பர் ஒருத்தர் தன்னோட ஓஎஸ்எஸ்சி-யை ஒரு வாரத்துக்குக் கொடுத்திருக்கார், ஒப்பிட்டுட்டு முடிவெடுக்கலாம்னு. மெகா டிரைவ் பளிங்கு மாதிரி இருக்கு. ஆனா சோனிக்ல அருவி முழுக்க செங்குத்துக் கோடு கோடா தெரியுது, கேபிள் சரியில்லையா? பிஎஸ்2 படம் பச்சையடிக்குது. கடைசியா ஒண்ணு, திரையைக் குறிபார்த்துச் சுடுற பிஎஸ்2 விளையாட்டுத் துப்பாக்கி இந்தப் பெட்டி வழியா வேலை செய்யுமா?

ஒற்றைப்படைக்கோடு:

கேபிள் சரிதான். அந்த அருவியை அப்படித்தான் வரைஞ்சிருக்காங்க. 1991-ல காம்போசிட் கோடுகளைக் கலக்கிடும்னு தெரிஞ்சே, ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் வெச்சு அருவியைத் தெளிவா ஊடுருவித் தெரிய வெச்சாங்க. ஆர்ஜிபி உள்ளதை உள்ளபடி காட்டுது. இதுக்காகவே மெகா டிரைவை மட்டும் காம்போசிட்ல ஆடுறவங்க இருக்காங்க. அவங்களோட நான் சண்டைக்குப் போறதில்லை.

பச்சை: பிஎஸ்2-வை டிஸ்க் இல்லாம ஆன் பண்ணி சிஸ்டம் கான்ஃபிகரேஷன் போங்க. காம்போனென்ட் வீடியோ அவுட் ஆர்ஜிபி-ல நிக்குது, அதை இன்னொண்ணுக்கு, ஒய்-ன்னு ஆரம்பிக்கிறதுக்கு மாத்துங்க. ஓஎஸ்எஸ்சி-லயும் காம்போனென்ட் மாட்டுற ஏவி2-வை ஒய்பிபிஆர்ல வைக்கணும். சில கேம்கள்ல தொடங்கும்போது எக்ஸும் முக்கோணமும் சேர்த்து அழுத்திப் பிடிச்சா 480பி (480 கோட்டையும் ஒரே தடவையில வரையுறது) வேணுமான்னு கேட்கும். அதுல ஓஎஸ்எஸ்சி நடுக்கமே இருக்காது. அந்த மாதிரி கேம்தான் நிறைய ஆடுவீங்கன்னா நான் மேல சொன்ன முடிவை மாத்திக்கிறேன், ஓஎஸ்எஸ்சி-யே போதும்.

நிழலைச் சோதிக்க 240பி டெஸ்ட் சூட்னு ஆர்டெமியோ உர்பினா எழுதின இலவச நிரல் இருக்கு, மெகா டிரைவுக்கும் உண்டு. ட்ராப் ஷாடோன்னு ஒரு திரை இதுக்குன்னே வெச்சிருக்கார். உங்க டப்பாவுலயும் ஓஎஸ்எஸ்சி-லயும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க.

துப்பாக்கி வேலை செய்யாது, எந்த அப்ஸ்கேலர்லயும். ட்யூப்ல ஒளிப்புள்ளி கோடு கோடா ஓடும்போது, துப்பாக்கி பார்க்கிற இடத்தை அது எந்த நொடி கடக்குதுன்னு வெச்சுத்தான் குறி கணக்காகுது. உங்க பேனல்ல ஓடுற புள்ளியே கிடையாது. பழைய டிவியை இன்னும் தூக்கிப் போடலைன்னா, என்ன பழுதுன்னு ஒருத்தர்கிட்ட காட்டிக் கேளுங்க. நீங்களா மூடியைத் திறக்காதீங்க, ஆஃப் பண்ணின பிறகும் உள்ள ஹை வோல்டேஜ் தங்கியிருக்கும்.

சால்டர்புகை:

பழுதான அந்த ட்யூப் டிவி என்ன மாடல்? தனி பதிவா போடுங்க, பார்க்கலாம்.