அடுத்தவருக்காகப் பேசுவதும் ஒரு வேலையா?

தாழை:
சட்ட உதவி மையம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். அடிபட்டு வரும் பெண், ஜீவனாம்சம் வராத பெண், பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளை. ஆள் மாறுகிறாள், வழக்கு மாறுவதில்லை. இப்போது வேறொரு வேலைக்கு அழைப்பு. மசோதாக்களைப் படித்துத் திருத்தம் எழுதுவது, சட்டமன்ற உறுப்பினர்களையும் அதிகாரிகளையும் சந்தித்து வாதாடுவது. தொண்டு நிறுவன வட்டாரத்தில் ‘அட்வகசி’ என்பார்களே, அது. வீட்டில், “சம்பளத்துக்குப் போராட்டமா?” என்று சிரிக்கிறார்கள். போகலாமா?

கருங்கல்:
வீட்டில் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. இன்று உங்கள் எதிரே உட்கார்ந்து அழும் பெண்ணுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். நாளை பதில் சொல்லப்போவது நிதி கொடுப்பவருக்கு. மூன்று ஆண்டுத் திட்டம் முடிந்தால் பிரச்சினையும் முடிந்துவிடும், அறிக்கையில் மட்டும். சட்டத்தை மாற்றும் ஆசை இருந்தால் தேர்தலில் நில்லுங்கள். தோற்றாலும் நாலு பேரிடம் கேட்டுவிட்டுத் தோற்றதாக இருக்கும். உங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், அவர்கள் சார்பில் பேச?

சாளரம்:
கருங்கல் அவர்களே, குழந்தைக்கு ஓட்டு இல்லை. அது யாரைத் தேர்ந்தெடுக்கும்? இந்த வேலையே அந்த இடைவெளியில் பிறந்ததுதான்.

அமெரிக்காவில் 1912இல் குழந்தைகளுக்கென ஒரு கூட்டாட்சி அலுவலகம் தொடங்கினார்கள். அதன் தலைவர் ஜூலியா லாத்ராப் தேர்தலில் வென்று வந்தவர் அல்லர். அந்த அலுவலகம் எடுத்துக்கொண்ட முதல் ஆய்வு, பிறந்த ஓராண்டுக்குள் குழந்தைகள் ஏன் சாகின்றன என்பது. ஜான்ஸ்டவுன் என்ற எஃகு ஆலை நகரத்தில், 1911இல் பிறந்த குழந்தைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைக் கேட்டார்கள். தாயின் அறியாமைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தகப்பனின் வருமானம் குறையக் குறையச் சாவு கூடுகிறது என்பது அந்தக் கணக்கில் வெளிப்பட்டது. 1921இல் தாய் சேய் நலனுக்கென ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் வந்ததற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. மேடையில் முழங்கி இதைச் சாதித்திருக்க முடியாது.

கருங்கல்:
பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்கள். அந்தச் சட்டத்தின் நிதி 1929இல் நின்றுபோனது. பெண்களுக்கு அப்போதுதான் ஓட்டுரிமை வந்திருந்தது, அவர்கள் சேர்ந்து வாக்களித்துத் தோற்கடித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் 1921இல் உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும், மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பு எடுபட்டுவிட்டது. புள்ளிவிவரம் 1921இலும் இருந்தது, 1929இலும் இருந்தது. இல்லாமல் போனது பயம்தான்.

வெள்ளிவீதி:
இரண்டு பேருமே ‘பெண்கள், குழந்தைகள்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். எனக்கு அங்கேயே இடிக்கிறது. குழந்தைக்குக் காப்பாளர் வேண்டும். பெண்ணுக்கு எதற்கு?

1908இல் முல்லர் எதிர் ஆரிகன் வழக்கில், பெண்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த வாதத்துக்கான ஆதாரங்களைத் திரட்டியவர்கள் தொழிலாளர் நலனுக்காகப் பாடுபட்ட ஃபுளோரன்ஸ் கெல்லியும் ஜோசஃபின் கோல்ட்மார்க்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் நீதிமன்றம் எதைப் பிடித்துக்கொண்டது? பெண்ணின் உடல் பலவீனத்தையும் தாய்மையையும். பிறகு அதே காரணம் இரவு வேலைக்குத் தடையானது, சில பெண்கள் பிழைப்பை இழந்தார்கள். 1923இல் சட்டத்தின் முன் ஆணும் பெண்ணும் சமம் என்ற அரசியலமைப்புத் திருத்தம் முன்வைக்கப்பட்டபோது கெல்லி அதை எதிர்த்தார், தான் கட்டிய பாதுகாப்பு இடிந்துவிடும் என்று. தாழை, வேலையில் சேர்ந்தால் ‘பாதுகாப்பு’ என்ற சொல் எங்கே வந்தாலும் ஒரு முறை நின்று படியுங்கள்.

சாளரம்:
வெள்ளிவீதி சொன்னதை மறுக்க மாட்டேன். அது வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்கான வாதம், செய்யக் கூடாது என்பதற்கு அல்ல.

என் அனுபவம் ஒன்று. ஒரு வரைவு மசோதாவில், வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குத் தங்குமிடம் ‘வழங்கலாம்’ என்று இருந்தது. அதை ‘வழங்க வேண்டும்’ என்று மாற்றக் கேட்டோம். இரண்டு ஆண்டுகள். ஓர் அதிகாரி பென்சிலால் அந்த ‘லாம்’ மீது வட்டம் போட்டு, “இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான். ஆனால் ‘லாம்’ இருக்கும் வரை, இடமில்லை என்று நள்ளிரவில் கதவைச் சாத்த முடியும். இந்த இரண்டு எழுத்துக்காக எந்த வேட்பாளர் ஓட்டுக் கேட்பார்?

கருங்கல்:
கடைசியில் மாறியதா?

சாளரம்:
‘இயன்றவரை வழங்க வேண்டும்’ என்று வந்தது. சிரிக்காதீர்கள்.

கருங்கல்:
சிரிக்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன். ‘இயன்றவரை’ என்ற சொல்லைச் செருக மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருந்தார். நீங்கள் இந்தப் பக்கம் இருந்தீர்கள். முத்துலட்சுமி ரெட்டி உள்ளே போனார், சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவராகவே இருந்தார்.

வெள்ளிவீதி:
1930இல் காந்தி கைதானதைக் கண்டித்து அந்தப் பதவியை விட்டும் வந்தார். தேவதாசி முறையைத் தடுக்கும் முழுச் சட்டம் 1947இல் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பேச்சை நிறுத்தவில்லையே. அவரை உள்ளே, வெளியே என்று எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

இன்னொருவர், பிரிட்டனின் எலினார் ராத்போன். பிள்ளை வளர்க்க அரசு தரும் குடும்ப உதவித்தொகை பற்றி 1924இல் புத்தகமே எழுதிவிட்டார், நாடாளுமன்றத்துக்குப் போனது 1929இல்தான், அதுவும் சுயேச்சையாக. 1945இல் மசோதா வந்தபோது பணம் தகப்பன் கைக்குப் போவதாக இருந்தது. தாய் கையில் கொடுக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்று மாற்றினார். 1946 ஜனவரியில் இறந்துவிட்டார், முதல் தொகை தாய்மார் கைக்குப் போனது அந்த ஆகஸ்டில்.

கருங்கல்:
ராத்போனை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருடைய மானியத்தையும் எதிர்பார்க்காமல் பேச வசதி இருந்த குடும்பம் அவருடையது. தாழைக்கு அது இருக்கிறதா?

தாழை:
இல்லை. அதனால்தான் கேள்வியே.

இன்று அவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுதியிருக்கிறேன். நிதி தருபவருக்குப் பிடிக்காத திருத்தத்தையும் நான் முன்வைக்கலாமா? வாரத்தில் ஒரு நாள் பழைய மையத்தில் வழக்கு பார்க்கலாமா? முதல் கேள்விக்குத் தொலைபேசியில் “தாராளமாக” என்றார்கள். இரண்டாவதற்கு யோசித்துச் சொல்கிறார்களாம்.

கருங்கல்:
அந்தத் ‘தாராளமாக’வை எழுத்தில் வாங்குங்கள். ‘இயன்றவரை’ இல்லாமல்.