வேலை போன நேரத்தில் வினாடி வினா: 2008 வானொலிச் சிரிப்பு ஆறுதலா, மழுப்பலா?

ஒலியலை:
பொருளாதார மந்தம் வரப்போகிறது என்று பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர், "பழைய 'வெயிட் வெயிட்... டோன்ட் டெல் மீ' கேளுங்கள், மனசு லேசாகும்" என்று சொல்லிவிடுகிறார். தெரியாதவர்களுக்காக: அது அமெரிக்காவின் என்.பி.ஆர். பொது வானொலியில் 1998 முதல் வரும் ஒரு மணி நேர வினாடி வினா. அந்த வாரச் செய்திகள்தான் கேள்விகள். பீட்டர் சேகல் நடத்துவார், மூன்று பேர் உட்கார்ந்து கலாய்ப்பார்கள், நேயர்கள் தொலைபேசியில் வந்து பதில் சொல்வார்கள்.

2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் வந்தவற்றை மறுபடி கேட்டேன். எனக்கு லேசாகவில்லை. 2008 செப்டம்பர் 15, முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவால். செப்டம்பர் 29, வங்கி மீட்பு மசோதாவைப் பிரதிநிதிகள் சபை தோற்கடித்ததும் டௌ ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஒரே நாளில் 777 புள்ளிகள் சரிந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதம். இது நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் அரங்கம் நிறைய ஆட்கள் கைதட்டிச் சிரிக்கிறார்கள். சிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டால் கோபம் எங்கே போகும்? அதுதான் என் கேள்வி.

சனிக்கிழமை ரசிகை:
கோபம் எங்கும் போகாது. திங்கட்கிழமை காலை செய்தி கேட்டதும் திரும்பி வந்துவிடும், கவலைப்படாதீர்கள்.

அவர்களுடைய ஒரு பகுதி நினைவிருக்கிறதா? மூன்று பேர் மூன்று செய்திகள் சொல்வார்கள், இரண்டு கட்டுக்கதை, ஒன்று நிஜம். நேயர் நிஜத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேயே விளையாடுவோம். எது நிஜம்?

ஒன்று: அமெரிக்காவின் மூன்று பெரிய கார் நிறுவனத் தலைவர்கள், "கையில் காசில்லை, 25 பில்லியன் டாலர் கடன் கொடுங்கள்" என்று கேட்க வாஷிங்டன் போனார்கள். மூன்று பேரும் மூன்று தனித்தனி நிறுவன விமானத்தில்.

இரண்டு: ஒரு முதலீட்டு வங்கித் தலைவர் தன் அலுவலக அறையைப் புதுப்பிக்க 12 லட்சம் டாலர் செலவழித்தார். அதில் குப்பைக்கூடைக்கு மட்டும் 1,400 டாலர்.

மூன்று: ஒரு காப்பீட்டு நிறுவனம் அரசிடம் 85 பில்லியன் டாலர் கைமாற்று வாங்கிய சில நாள்களிலேயே, கலிஃபோர்னியாக் கடற்கரை சொகுசு விடுதி ஒன்றில் 4,40,000 டாலருக்குக் கூட்டம் போட்டது.

மூன்றுமே நிஜம். ஒன்றாவது 2008 நவம்பர். இரண்டாவது மெரில் லிஞ்சின் ஜான் தெய்ன். மூன்றாவது ஏ.ஐ.ஜி. அந்த மாதங்களில் நகைச்சுவை எழுதுபவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததே வீண்செலவு. இதைக் கேட்டுச் சிரிப்பவர் கோபப்படவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இந்தக் குப்பைக்கூடை எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதே வாரத்துத் தலையங்கம் ஒன்றாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

கணக்கன்:
நினைவில் நிற்பதுதான் பிரச்சினையே. 4,40,000 டாலர் என்பது 85 பில்லியனில் கிட்டத்தட்ட இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. ஏ.ஐ.ஜி. விழுந்தது கடற்கரை விடுதியால் அல்ல. வீட்டுக்கடன் பத்திரங்கள் மூழ்கினால் ஈடு கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்திருந்த கிரெடிட் டீஃபால்ட் ஸ்வாப் ஒப்பந்தங்களால். அதை வைத்து யாரும் ஜோக் அடிக்க மாட்டார்கள், கேட்பவர் மனத்தில் படமே விரியாது. விடுதி என்றால் உடனே படம் வருகிறது, நீச்சல்குளம் வருகிறது.

இன்னொன்று. அந்தக் கூட்டம் முன்பே ஏற்பாடானது, வந்தவர்களில் பெரும்பாலோர் பாலிசி விற்கும் வெளி முகவர்கள் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. விளக்கம் நியாயமா என்பது வேறு. எந்த ஜோக்கிலும் அந்த வரிக்கு இடம் இருக்காது, இருந்தால் ஜோக் செத்துவிடும். சிரிப்பு தனக்குத் தோதான அளவில் இருக்கும் செய்தியை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. பெரியது தப்பித்துவிடுகிறது.

சனிக்கிழமை ரசிகை:
கணக்கன் சார், அந்த விமானக் கதையை நேருக்கு நேர் கேலி செய்தது நாடாளுமன்ற விசாரணைக் குழுவில் இருந்தவர்கள்தான். தர்மச் சாப்பாடு போடும் இடத்துக்கு ஒருவர் உயரத் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு வந்து நிற்பது போல இருக்கிறது என்றார் கேரி ஆக்கர்மன் என்ற உறுப்பினர். வானொலிக்காரர் யாரும் சொன்னதல்ல, அந்த விசாரணையிலேயே சொன்னது. நாடு முழுக்கச் சிரித்தது. டிசம்பரில் மறுபடி வந்தபோது மூன்று பேரும் டெட்ராய்ட்டிலிருந்து ஹைப்ரிட் காரில், 500 மைலுக்கு மேல், சாலை வழியாக வந்தார்கள். கேலிக்கு வேலை செய்யத் தெரியும்.

கணக்கன்:
காரில் வந்தார்கள். சரி. அப்புறம்? 2009 ஏப்ரல் கடைசியில் கிரைஸ்லர் திவால், ஜூன் 1-ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால். கேலி மாற்றியது பயணத்தை மட்டும்.

பழைய ரேடியோ:
இந்தச் சண்டை ரேடியோவின் வயசு உள்ளது. 1931 அக்டோபர் 18-ஆம் தேதி, வேலையில்லாதவர்களுக்கு உதவி கேட்டு அதிபர் ஹூவர் வானொலியில் பேசினார். அதே ஒலிபரப்பில் வில் ராஜர்ஸும் பேசினார். அந்த நாளில் அமெரிக்காவின் முதன்மையான நகைச்சுவைப் பேச்சாளர் அவர். உலக வரலாற்றிலேயே ஏழைகள் விடுதிக்குக் காரில் போய் இறங்கும் முதல் தேசம் நாம்தான் என்ற அவருடைய பேச்சு புகழ்பெற்றது. அதே ராஜர்ஸ், நாட்டுக்கு இப்போது இருக்கும் ஒரே பிரச்சினை 70 லட்சம் பேருக்கு வேலையில்லாததுதான், மற்றது எதுவும் பிரச்சினையே இல்லை என்றும் அந்தப் பேச்சில் அடித்துச் சொன்னார். சிரிக்க வைத்த வாயால் அதைச் சொன்னதால்தான் கேட்டார்கள்.

1933 மார்ச்சில் வங்கிகளை எல்லாம் மூடிவைத்துவிட்டு ரூஸ்வெல்ட் வானொலியில் வந்து, வங்கி எப்படி நடக்கிறது என்று விளக்கினார். அதைக் கேட்டு வங்கிக்காரர்களுக்கே வங்கித் தொழில் புரிந்துவிட்டது என்கிற மாதிரி எழுதினார் ராஜர்ஸ். ஒலியலை தம்பி, கேலிக்கு உள்ளே கோபம் இல்லை என்கிறீர்களா?

ஒலியலை:
ஐயா, நீங்கள் சொன்ன உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. ராஜர்ஸ் சிரிக்க வைத்துவிட்டு நின்றார், நின்று விஷயத்தைச் சொன்னார். வினாடி வினாவில் நிற்க நேரமில்லை. சரியான பதில், மணி, கைதட்டு, அடுத்த கேள்வி. முடிவில் கோடிட்ட இடம் நிரப்பும் வேகச் சுற்று வேறு. பத்து லட்சம் பேர் வேலை போனதும் ஒரு நாய் செய்த வேடிக்கையும் அங்கே ஒரே மதிப்பெண்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் பேசாதது. அந்த நிகழ்ச்சி அப்போது சிகாகோவில் எங்கே பதிவானது தெரியுமா? சேஸ் கோபுரத்தின் அடித்தளத்தில் இருக்கும் சேஸ் அரங்கத்தில். ஜே.பி. மார்கன் சேஸ் 2008 அக்டோபரில் அரசு மீட்பு நிதியில் 25 பில்லியன் வாங்கிய வங்கி. வங்கிகளை வங்கியின் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கிண்டலடிப்பது. இதை மூன்று கதையில் ஒன்றாகச் சொல்லியிருந்தால் நானே கட்டுக்கதை என்றிருப்பேன்.

சனிக்கிழமை ரசிகை:
வாடகை அரங்கத்தின் பெயர்ப்பலகையை வைத்தெல்லாம் தீர்ப்பு எழுதாதீர்கள். அந்தப் பணத்தை 2009 ஜூனிலேயே சேஸ் திருப்பிக் கட்டிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அரங்கம் யாருடையது என்பதால் அவர்கள் யாரையாவது விட்டுவைத்தார்கள் என்று காட்டுங்கள், பேசுவோம்.

முகிலன்:
நான் 2009-இல் வேலை இழந்தவன். நிறுவனம் எது என்பது முக்கியமில்லை. உங்கள் எல்லோருடைய வாதத்திலும் ஓர் ஆள் குறைகிறார், அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டிருந்த வேலையில்லாதவர்.

வங்கிக்காரர்களைப் பற்றிய ஜோக் எனக்கு ஒரு நாளும் வலிக்கவில்லை, இன்னும் நாலு போடு என்றுதான் இருந்தது. எனக்குத் தாங்காமல் போனது அரங்கச் சிரிப்பு. விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் வராத மெயில் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, டிக்கெட் வாங்கி மாலையில் வெளியே வந்து சிரிக்க முடிகிறவர்கள் இத்தனை பேரா என்று தோன்றும். ஜோக் என் பக்கம் நின்றது, சிரிப்பு என் பக்கம் நிற்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "கேலி நல்லதா கெட்டதா" என்று பேசுவதில் பயனில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் ரசிகை சொல்வதுதான் என் அனுபவமும். கார்ல் காசல். வார நாள்களில் 'மார்னிங் எடிஷன்' நிகழ்ச்சியில் செய்தி வாசித்தவர். காலையில் அந்தக் கனத்த குரலில் இத்தனை ஆயிரம் பேர் ஆட்குறைப்பு என்பார். வார இறுதியில் அதே மனிதர் இங்கே மதிப்பெண் சொல்லிக்கொண்டு, செய்தியில் அடிபட்டவர்கள் போலக் குரல் மாற்றிப் பேசுவார். மற்றவர்கள் அடித்த ஜோக்கைவிட அவர் ஒரு மாதிரி வெட்கத்தோடு குரல் மாற்றுவதுதான் எனக்குப் பிடிக்கும். இந்த ஆள் உயிரோடு தாண்டி வருகிறார், நாமும் வருவோம் என்று இருக்கும். நியாயமான காரணம் இல்லைதான், இருந்தாலும் இருந்தது.

சனிக்கிழமை ரசிகை:
முகிலன், நன்றி. பரிசையும் சொல்லுங்கள். வென்றவர் வீட்டுத் தொலைபேசியின் பதில் கருவியில் கார்ல் காசல் குரலில் ஒரு பதிவு. அவ்வளவுதான். மந்தக் காலத்துக்கென்றே செய்தது போல. வரியும் கிடையாது.

ஒலியலை:
வானொலிக்காரர்களுக்கே பரிசு வேறாக வந்தது. 2008 டிசம்பரில் என்.பி.ஆர். 64 வேலைகளை வெட்டியது, 'டே டு டே', 'நியூஸ் அண்ட் நோட்ஸ்' இரண்டையும் நிறுத்தியது. விளம்பரதாரர் பணம் குறைந்துவிட்டது என்றார்கள். இரண்டாவது, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பிரச்சினைகளைப் பேசிய நிகழ்ச்சி. மந்தத்தில் அவர்களுடைய வேலையின்மை தேசிய சராசரியைவிட மிக அதிகம். அவர்களைப் பற்றிப் பேசியது போயிற்று, வினாடி வினா தொடர்ந்தது. இதற்கு என்ன பெயர்?

பழைய ரேடியோ:
ஒன்றை நிறுத்தியதற்கு இன்னொன்று பொறுப்பா? வினாடி வினாவை நாடு முழுக்க நிலையங்கள் விரும்பி வாங்கின. அது நின்றிருந்தால் 'நியூஸ் அண்ட் நோட்ஸ்' பிழைத்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் பத்துப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள், அவ்வளவே.

கணக்கன்:
நடுவில் ஒன்றைச் சொல்கிறேன், இது யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. அதே என்.பி.ஆரில் 2008 செப்டம்பரில் 'பிளானெட் மணி' ஆரம்பித்தார்கள். பேச்சு லேசுதான், சிரிப்பும் உண்டு. 2010-இல் அந்தச் செய்தியாளர்கள் கையிலிருந்து 1,000 டாலர் போட்டு, நச்சுச் சொத்து என்று எல்லோரும் திட்டிய வீட்டுக்கடன் பத்திரத்தில் ஒரு துண்டை வாங்கினார்கள். நச்சு என்று பொருள்படும் 'டாக்சிக்' என்ற சொல்லைச் சுருக்கி அதற்கு 'டாக்சி' என்று செல்லப்பெயர் வைத்து மாதாமாதம் அதன் உடல்நிலையைச் சொன்னார்கள். யாரோ வீட்டுத் தவணை கட்டினால் இவர்களுக்குச் சில டாலர் வரும், கட்டாவிட்டால் வராது. அந்த ஆண்டுக்குள்ளேயே டாக்சி கண்ணை மூடிவிட்டது. போட்டதில் பாதிகூடத் திரும்பவில்லை.

நான் பத்திரச் சந்தை பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். கடன் துண்டுகள் எந்த வரிசையில் சாகும் என்பது எனக்கு டாக்சியால்தான் விளங்கியது. ஆக, பெரிய விஷயத்தை வைத்தும் சிரிக்க வைக்க முடியும். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வினாடி வினா ஒரு கேள்விக்குமேல் எங்கும் நிற்காது.

சனிக்கிழமை ரசிகை:
ஒரு கேள்வி போதும். கிரெடிட் டீஃபால்ட் ஸ்வாப்பை வைத்து ஜோக் அடிக்க முடியாது என்றீர்கள் இல்லையா? இதோ.

கேள்வி: ஒரே ஒரு வீடு. அதற்குத் தீக்காப்பீடு எடுத்தவர்கள் இருபது பேர், அதில் வீட்டுக்காரர் ஒருவர்தான். காப்பீடு விற்றவர் கையில் பணம் இல்லை. வீடு எரிந்தது. இருபது பேருக்கும் பணம் கொடுத்தது யார்?

பதில்: அடுத்த தெருக்காரர்கள், அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

கணக்கன்:
கையில் பணம் இல்லை என்பது முழுக்கச் சரியல்ல. ஏ.ஐ.ஜி.யிடம் சொத்து நிறைய இருந்தது. ஒப்பந்தக்காரர்கள் பிணைப்பணம் கேட்டு நெருக்கியபோது ரொக்கம்தான் இல்லை. மற்றபடி குறை சொல்ல முடியாது. நான் சிரித்தேன்.

முகிலன்:
நானும். இங்கே அரங்கம் இல்லாததும் ஒரு காரணம்.

ஒலியலை:
நல்ல ஜோக், மறுக்கவில்லை. இப்போது மணி அடிக்கும், கைதட்டுவார்கள். வீடு தன்னுடையதில்லாத பத்தொன்பது பேருக்கு எப்படிக் காப்பீடு விற்றார்கள்? யார் அனுமதித்தது? 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஒப்பந்தங்களைக் கண்காணிப்புக்கு வெளியே நிறுத்தியது, அதற்குக் கை தூக்கியவர்கள் யார் யார்? அந்த இரண்டாவது கேள்வி எந்தச் சுற்றில் வரும்?

சனிக்கிழமை ரசிகை:
எந்தச் சுற்றிலும் வராது, வரவும் வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம்தான் இவர்களுடையது. அந்தக் கேள்வியைக் கேட்பது வார நாள் நிகழ்ச்சிகளின் வேலை.

ஒலியலை:
அந்த வார நாள் நிகழ்ச்சிகளில்தானே இரண்டை மூடினார்கள்.