தம்பியின் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் பெரியப்பா

கேள்வி: தாராவி செல்வி
தம்பி, கர்த் என்று இங்கே சொல்கிற பிரவுன் சுகரை (அபினிலிருந்து செய்யும் ஹெராயின்) புகைக்க ஆரம்பித்து ஊசி வரைக்கும் போய்விட்டான். இப்போது ஓஎஸ்டி மையத்தில் (போதைப்பொருளுக்குப் பதிலாக மருந்து கொடுத்துச் சிகிச்சை தரும் இடம்) தினமும் புப்ரெனார்பின் என்கிற மாத்திரை தருகிறார்கள். வேலைக்கும் போகிறான். ஆனால் பெரியப்பா, "இதுவும் போதைதானே, அரசாங்கமே கொடுக்குமா? கோயில் கொடைக்கு ஊருக்குக் கூட்டிவா, பத்து நாள் அறையில் அடைத்தால் தெளிந்துவிடும்" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: நர்ஸ் மேரி
செல்வி, நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இப்படி ஒரு மையத்தில்தான் வேலை பார்க்கிறேன். மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போடுவோம். கரையும்வரை எதிரிலேயே உட்கார வேண்டும். பிறகு வாயைத் திறந்து காட்டினால்தான் அனுப்புவோம். அது கிறக்கத்துக்கு இல்லை, உடம்பு முறுக்கி வலிக்காமல் ஒரு நாளை ஓட்டுவதற்கு.

அடைத்து வைப்பது என்றாலே எனக்குக் கோபம் வரும். அந்தப் பத்து நாளில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழையபடி ஒரு ஊசி போட்டால் மூச்சே நின்றுவிடலாம்.

அரசாங்கம் கொடுக்குமா என்கிறாரே, அபினையே விற்ற அரசாங்கம்தான் இது! வெள்ளைக்காரர் காலத்தில் மத்திய இந்தியாவின் மால்வா பகுதி அபின் இந்த பம்பாயிலிருந்துதான் சீனாவுக்குக் கப்பலேறியது. உள்ளூரில் லைசென்ஸ் கடைகள் வேறு. அபினைப் பற்றி விசாரித்து 1895-ல் அறிக்கை தந்த பிரிட்டிஷ் ராயல் கமிஷனும் தடை வேண்டாம் என்றுதான் எழுதியது. 1980-களின் தொடக்கத்தில் பிரவுன் சுகர் இங்கே தெருவுக்கு வந்தது, 1985-ல் போதைப்பொருள் தடுப்புக்கான என்டிபிஎஸ் சட்டம் வந்தது. ஜெயில் சீக்கிரம் வந்துவிட்டது, மருந்துதான் தாமதம். ஊசி வழியாக எச்ஐவி பரவிய பிறகு, 2007-ல் தொடங்கிய மூன்றாம் கட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில்தான் இந்த மாத்திரைக்கு நாடு முழுக்க இடம் கிடைத்தது.

பதில்: சயான் வக்கீல்
போலீஸ் பயமும் இருந்தால் ஒரு வார்த்தை. தானாக முன்வந்து சிகிச்சைக்கு வருகிறவருக்கு, உபயோகித்த குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது அதே என்டிபிஎஸ் சட்டத்தின் 64ஏ பிரிவு. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

செல்வி
நன்றி அக்கா, நன்றி சார். கொடைக்கு அவனைக் கூட்டிப்போகவே கூடாதா?

நர்ஸ் மேரி
தாராளமாகப் போங்கள், ஊர் ஜனங்களோடு இருப்பது அவனுக்கும் நல்லது. டிக்கெட் போடும்போதே டாக்டரிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். ஊருக்குப் பக்கத்தில் ஓஎஸ்டி மையம் இருந்தால் அங்கே மாத்திரை வாங்கக் கடிதம் கேளுங்கள். அப்புறம், பெரியப்பாவை ஒருநாள் மும்பைக்கு வரச்சொல்லி டாக்டரோடு பேச வையுங்கள்.