ஃபிளாஷா, சில்வர்லைட்டா, எச்டிஎம்எல்5-ஆ: உங்கள் தேர்வு என்ன ஆனது?

செம்பருத்தி:
2021 ஜனவரி 12, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. ஆசிரியையாக இருக்கும் என் தோழி பத்தாம் வகுப்புக்கு ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். 2009-இல் நான் ஃபிளாஷில் (உலாவியில் அசைபடம் ஓட்ட அடோபி தந்த கூடுதல் மென்பொருள்) செய்து கொடுத்த இதயப் பாடத்தைத் திரையில் பகிர்ந்தார். அசைய வேண்டிய இடத்தில் ஒரு சின்னம் மட்டும் நின்றது. "மிஸ், இதயம் துடிக்கலையே" என்றானாம் ஒரு பையன். ஃபிளாஷை நிறுத்தப்போவதாக அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது, தெரியும். ஆனாலும் நாலு மாதம் உட்கார்ந்து ரத்தம் ஓடும் திசையைச் சரிசெய்தவள் நான். அவனுக்கு என்ன பதில் சொன்னார் என்று தோழியிடம் இதுவரை கேட்கவில்லை.

தறி:
எனக்கு சில்வர்லைட், ஃபிளாஷுக்குப் போட்டியாக மைக்ரோசாஃப்ட் தந்தது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கை அமெரிக்கத் தொலைக்காட்சி என்பிசி இணையத்தில் அதைக் கொண்டுதான் காட்டியது என்று சொல்லி முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன். எங்கள் ஆட்களுக்கு அதற்கு வேண்டிய சி ஷார்ப் நிரல்மொழி தெரியும், அப்புறம் என்ன? 2011-இல் வாடிக்கையாளர் ஐபேடில் எங்கள் விற்பனை அறிக்கையைத் திறந்தார். வெற்றுக் கட்டம். அவர் திட்டவில்லை. ஐபேடை என் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.

வரைகோல்:
செம்பருத்தி, கோபிக்க வேண்டாம். 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபிளாஷ் வேண்டாம் என்று பகிரங்கமாக எழுதினார். அடுத்த ஆண்டு நவம்பரில் அடோபியே கைபேசி ஃபிளாஷைக் கைவிட்டது. மாற்றி எழுத ஒன்பது வருடம் இருந்ததே? நான் சட்டமன்றத் தொகுதி வரைபடத்தை, கூடுதல் மென்பொருள் இல்லாமல் உலாவியே காட்டும் எச்டிஎம்எல்5-இன் கேன்வாஸ் என்ற வரைபலகையில் வரைந்து, தொட்டது எந்தத் தொகுதி என்று கணக்குப் போட்டே களைத்து, படத்தைத் தனித்தனி வடிவங்களாக வைக்கும் எஸ்விஜிக்கு மாறியவன். புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: நம் 234 தொகுதிகள் போல எண்ணி முடிக்கும் வடிவங்கள் என்றால் எஸ்விஜி. ஒவ்வொரு வடிவமும் தனி உறுப்பு, கிளிக்கை அதுவே வாங்கிக்கொள்ளும், பெரிதாக்கினாலும் மங்காது, உள்ளே எழுதிய பெயரைத் திரைவாசிப்பானும் படிக்கும். ஆயிரக்கணக்கான புள்ளிகள் நகர வேண்டுமா, கேன்வாஸ். அது வெறும் பிக்சல், எதை வரைந்தோம் என்று அதற்கு ஞாபகம் இருக்காது. முப்பரிமாணத்துக்கு வெப்ஜிஎல். எதுவானாலும் மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள்.

செம்பருத்தி:
2009-இல் அந்தப் பள்ளிக் கணினிகளில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8. அதில் கேன்வாஸும் கிடையாது, எஸ்விஜியும் கிடையாது. இரண்டும் வந்த 9-ஆம் பதிப்பை எக்ஸ்பியில் நிறுவவே முடியாது. நீங்கள் வேறு எதை எடுத்திருப்பீர்கள்? பிறகு மாற்றியிருக்கலாம் என்பது சரி. ஃபிளாஷின் மூலக் கோப்பான எஃப்எல்ஏ இருந்த ஹார்ட் டிஸ்க் அதற்குள் போய்விட்டது.

கூழாங்கல்:
எஸ்டபிள்யூஎஃப் கோப்பு, அதாவது ஃபிளாஷில் ஓடும் இறுதிக் கோப்பு, கையில் இருக்கிறதா? ஃபிளாஷ் இல்லாமலே அதை ஓட்டும் ரஃபிள் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020-இல் பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளை அதை வைத்துத்தான் ஓடவைத்தது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் (ஃபிளாஷின் நிரல்மொழி) 2 என்றால் பெரும்பாலும் ஓடிவிடும், 3 என்றால் பொறுமை வேண்டும். நான் செய்த பல்லாங்குழி அப்படித்தான் திரும்பக் கிடைத்தது.

செம்பருத்தி:
ஓடுகிறது! இடது வெண்ட்ரிக்கிள் துடிக்கிறது. அறைகளின் பெயர்களை மட்டும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்திருந்தேன், அவை புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. எஸ்டபிள்யூஎஃப்புக்குள் போய் அதை மட்டும் மாற்றத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?